தீக்காலம் இன்னும் தொடங்கவில்லை

மலைக்குப் பின்னால் புகை கிளம்பியபோது தீத்தடுப்புத் துறை நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தது. துடைத்து நிமிர்வதற்குள் மறுபடி சாம்பல் விழுந்தது. விழா அலுவலர் அதைத் தூசி என்றார். தீக்காலம் தொடங்காதவரை சாம்பல் என்ற சொல்லைத் துறைக்குள் யாரும் பயன்படுத்துவதில்லை.

அந்த ஊரில் தீக்காலம் தானாகத் தொடங்காது. தொடங்கிவைக்க வேண்டும். ஆண்டுதோறும் வெயில் ஏறியதும் மைதானத்தில் மேடை போடுவார்கள். வாசலுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டுவார்கள். தலைமை விருந்தினர் அதை வெட்டுவார். "தீக்காலம் இனிதே தொடங்கியது" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் சொல்வார். அதன் பிறகுதான் சைரன் ஊதலாம். அதன் பிறகுதான் தீயணைப்பு வண்டிகள் புறப்படலாம். அதற்கு முன் எது எரிந்தாலும் அதற்கு வெப்ப நிகழ்வு என்று பெயர்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருந்தது. ஒரு வருடம் யாரோ அவசரப்பட்டுச் சைரன் ஊத, ஊரே மூட்டை முடிச்சோடு தெருவுக்கு வந்துவிட்டது. அதற்குள் காற்று திரும்பிவிட்டது. தீ வரவில்லை. துறை தலைகுனிய வேண்டியதாயிற்று. தீ வந்து எத்தனையோ தெரு எரிந்திருக்கிறது, அதற்கெல்லாம் துறை தலைகுனிந்ததில்லை. வராத தீ அவமானப்படுத்திவிட்டது. இனி அப்படி நடக்கக்கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

மைக்செட்காரர் மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். துறையின் சைரன் பழுதாகிப் போனதால் இந்த வருடம் சைரன் சத்தம் அவருடைய ஆம்பிளிஃபயர் வழியாகத்தான் வர வேண்டும். அதற்காக மைதானத்திலிருந்து மலைச் சரிவுக் குடியிருப்பின் உச்சிவரை, சாலையோரக் கம்பங்களில் அவரே ஏறி, ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டியிருந்தார். மேசைமேல் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. விழா அலுவலர் கையசைத்தால் அதை அழுத்த வேண்டும்.

அவருடைய தொழிலில் எல்லாம் கைதான். மேடையிலிருந்து ஒரு கை அசைந்தால் பாட்டு, இன்னொரு கை அசைந்தால் நிறுத்தம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிறுத்தச் சொல்லி யாரும் கை காட்டவில்லை என்பதால் இவர் பாட்டை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் அவரைக் கூப்பிடத்தான் செய்தார்கள். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார் என்ற நல்ல பெயர் அவருக்கு இருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, இங்க புகை கண்ணைக் கரிக்குது. பின்னாடி மரமெல்லாம் சடசடன்னு வெடிக்குது. சைரன் எப்பப் போடுவீங்க?"

"விருந்தாளி வரணும்."

"எந்த விருந்தாளி?"

"ரிப்பன் வெட்டுறவரு."

அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் இருமும் சத்தம் மட்டும் வந்தது.

அவள் சரிவின் உச்சியில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைச் சாயங்காலம்வரை அவள்தான் பார்த்துக்கொள்வாள். அவர்களுடைய மகளும் அங்கேதான் இருந்தாள். காப்பகத்தைச் சுற்றி ஆள் ஏற முடியாத சுவர். தீ வந்தால் பிள்ளைகள் சிதறி ஓடிவிடக்கூடாது என்று துறை அன்போடு கட்டிக்கொடுத்தது. ஒரே ஒரு இரும்பு வாசல், அதற்கு ஒரு பூட்டு. சாவி, வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் துறைத் தொண்டரிடம் இருக்கும். கழுத்தில் விசில் தொங்குவதால் பிள்ளைகளுக்கு அவர் விசில் மாமா. காலையிலும் சாயங்காலமும் பெற்றோருக்காகத் திறப்பார். நடுவில் திறக்க வேண்டுமென்றால் சைரனும் கேட்க வேண்டும், அறிவிப்பும் கேட்க வேண்டும். அப்படித்தான் பயிற்சி. பயிற்சியில் அவர் முதல் பரிசு வாங்கியவர்.

மைக்செட்காரர் அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். வாசல் கம்பி இடைவெளி வழியாகப் போன் கை மாறியது.

"அண்ணே, எனக்கே இருமல் வருது" என்றார் விசில் மாமா. "ஆனா சைரன் வரலியே."

"கண்ணுக்கு முன்னாடி எரியுதுல்ல தம்பி. தொறந்து விடேன்."

"கண்ணை நம்பாதேன்னுதான் முதல் நாளே சொல்லிக்கொடுத்தாங்க. காதை நம்பணும். நீங்க சைரன் பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

மைக்செட்காரர் எழுந்து விழா அலுவலரிடம் போனார். விழா அலுவலர் மேடை ஓரத்தில் கத்தரிக்கோலை ஒரு துணியால் மெருகேற்றிக்கொண்டிருந்தார். மேலே பிள்ளைகள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று மைக்செட்காரர் சொன்னார். தன் மகளும் அங்கே இருப்பதைச் சொன்னார். விழா அலுவலர் கனிவாகக் கேட்டார். தனக்கும் பிள்ளைகள் உண்டு என்றார். விருந்தினர் கிளம்பிவிட்டார், வழியில் கொஞ்சம் போக்குவரத்து நெரிசல், அவ்வளவுதான் என்றார். என்ன நெரிசல் என்று மைக்செட்காரர் கேட்டார். சாலை தெரியவில்லையாம், வண்டியெல்லாம் நின்றுவிட்டதாம் என்று விழா அலுவலர் விளக்கினார். புகையா என்று கேட்டதற்கு, பார்வைக் குறைவு என்று திருத்தினார்.

மைதானத்தின் மறுபக்கம் தீயணைப்பு வண்டிகள் அணிவகுத்து நின்றன. கழுவி மெழுகு பூசி, முகம் பார்க்கலாம் போலிருந்தன. சிவப்புத் தகட்டில் மலை தெரிந்தது, மலைமேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடும் தெரிந்தது. வண்டித் தலைவர் விறைப்பாக நின்றுகொண்டு கண்ணை மட்டும் அந்தக் கோட்டின்மேல் வைத்திருந்தார். வண்டிகளை எடுக்க முடியாதா என்று மைக்செட்காரர் அவரிடம் கிசுகிசுத்தார்.

"சாவி அங்க இருக்கு" என்று தலைவர் தாடையால் காட்டினார். மேடையில், வெல்வெட் விரித்த தட்டில், சாவிகள் வரிசையாக இருந்தன. விருந்தினர் கையால் வழங்க வேண்டியவை. "தண்ணியும் பாதிதான் இருக்கு. ஒத்திகைக்கே மீதி போச்சு. மாதிரித் தீ ஒண்ணு வெச்சாங்கல்ல தகரத் தட்டுல. அதை அணைச்சு அணைச்சுக் காட்டச் சொன்னாங்க."

"நீங்க தலைவர்தானே?"

"தீக்காலத்துல."

விருந்தினர் வரும்வரை கூட்டம் கலையக்கூடாது என்பதால் இயக்குநர் இடைக்கால உரை ஆற்ற எழுந்தார். விழா அலுவலர் கையசைத்தார். மைக்செட்காரர் ஓடிவந்து மேடை மைக்கைத் திறந்தார். சரிவெங்கும் குழாய்கள் கரகரத்தன.

"பெரியோர்களே" என்றார் இயக்குநர். "நெருப்பு எப்போது வர வேண்டும் என்பதை நெருப்பே தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. அந்த இருண்ட காலத்தை நாம் கடந்துவிட்டோம். சென்ற ஆண்டு இந்தப் பகுதியில் எரிந்த ஒவ்வொரு தீயும், நாம் அனுமதித்த பிறகே எரிந்தது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

முன்வரிசை கைதட்டியது. மேடையில் இருந்தவர்களுக்கு முகமூடி வழங்கப்பட்டது. இயக்குநர் மட்டும் வாங்கவில்லை. புகைக்குப் பயந்து முகமூடி போட்டால் மக்களிடம் புகை இருப்பதாக ஒரு எண்ணம் பரவிவிடும் என்றார். சொல்லிவிட்டு இருமினார். இருமலும் மலைவரை போய்த் திரும்பி வந்தது.

சரிவில் ஜன்னல்கள் திறப்பது தெரிந்தது. ஆட்கள் வாசலுக்கு வந்து குழாயைப் பார்த்து நின்றார்கள். மேலே பார்த்தார்கள், குழாயைப் பார்த்தார்கள். ஒருவரும் கிளம்பவில்லை. முன்பு அவசரப்பட்டுக் கிளம்பியதற்காகத் துறை நடத்திய பொறுமைப் பயிற்சி முகாமில் எல்லோரும் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

இயக்குநர் அடுத்து சரிவுக் குடியிருப்பு மக்களின் துணிச்சலைப் பாராட்டினார். அவர்கள் வீட்டைவிட்டு வெளியேறாமல் இருப்பதே துறையின்மீது வைத்திருக்கும் நம்பிக்கைக்குச் சான்று என்றார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது உச்சிக்குச் சற்றுத் தள்ளி ஒரு மரம் தீப்பந்தமாகப் பற்றி, அப்படியே சாய்ந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இயக்குநர் அதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த வரவேற்பாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவள் மெதுவாகப் பேசினாள். வீட்டில் அவள் மெதுவாகப் பேசியதே கிடையாது.

"பின்சுவர் சுடுதுங்க. பிள்ளைங்கள வாசப்பக்கம் உக்கார வெச்சிருக்கேன். அந்த ஆளு அழுறான், ஆனா தொறக்க மாட்டேங்கிறான்." பிறகு சொன்னாள்: "உங்க பொண்ணு கேக்குறா, அப்பாகிட்டதானே சைரன் இருக்குன்னு."

அவர் விழா அலுவலரைப் பார்த்தார். விழா அலுவலரின் கை கத்தரிக்கோல்மேல் இருந்தது. அசையவில்லை. இயக்குநரின் கை மைக்கைப் பிடித்திருந்தது. மேடையில் இருந்த எல்லாக் கைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மடியில் இருந்தன, முகமூடியைச் சரிசெய்துகொண்டிருந்தன, ஒன்று தொடையில் விழுந்த சாம்பலைத் தட்டிவிட்டது.

பொத்தானை அழுத்தினார்.

சைரன் ஊரைப் பிளந்துகொண்டு எழுந்தது. கழுத்தில் வியர்வை வழிய அவர் உட்கார்ந்திருந்தார். அழுத்திய விரலை எடுக்கத் தோன்றவில்லை. எடுத்தபோது சைரன் நின்றது. அந்த அமைதியில் இயக்குநரின் குரல் தெளிவாக ஒலித்தது.

"யாரும் பதற வேண்டாம். ஒலிபெருக்கி ஊழியரின் கவனக்குறைவு. எல்லோரும் அவரவர் இடத்திலேயே..."

மைக்செட்காரர் மேடை மைக்கின் குமிழைத் திருகினார். இயக்குநரின் உதடு மட்டும் அசைந்தது. மேசையில் அவர் பரிசோதனைக்கு வைத்திருந்த மைக் இருந்தது. எடுத்தார். அவர் அதில் ஹலோ சொல்லியிருக்கிறார், எண்ணியிருக்கிறார், வேறு எதுவும் பேசியதில்லை. தீ வருகிறது, ஓடுங்கள் என்று சொன்னால் விசில் மாமா திறக்கமாட்டார். அது பயிற்சியில் இல்லாத வாக்கியம். ஆனால் இத்தனை வருடம் எத்தனை தொடக்க விழாவுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறார்! தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இன்று நம் அனைவருக்கும் பொன்னான நாள். துறையின் அயராத உழைப்பால், தீக்காலம் இனிதே தொடங்கியது."

முன்வரிசை பழக்கத்தில் கைதட்டியது.

கைதட்டல் அடங்குவதற்குள் வண்டித் தலைவர் மேடையில் இருந்தார். இயக்குநருக்கு ஒரு சல்யூட் அடித்தார், வெல்வெட் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு குதித்தார். வண்டிகள் உறுமின. முதல் வண்டி மைதான வாசல்வரை பாய்ந்து, ரிப்பனுக்கு முன்னால் பிரேக் போட்டு நின்றது. ஓட்டுநர் ரிப்பனைப் பார்த்தார். விழா அலுவலர் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். துணை இயக்குநர் பதவிக்குக் குறையாதவர்தான் வெட்ட வேண்டும், ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று கெஞ்சினார். வண்டித் தலைவர் ஓட்டுநரின் தோளில் தட்டினார். ரிப்பன் பம்பரில் சுற்றிக்கொண்டு மலையேறியது.

போன்.

"தொறந்துட்டான்" என்றாள். "வெளிய வந்துட்டோம். பிள்ளைங்க எல்லாம் ஒரே கயித்தைப் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணும் தெரியலீங்க. ரோடு எங்க இருக்குன்னே தெரியல."

"கம்பத்துல குழாய் இருக்குல்ல. சத்தம் வர்ற பக்கம் நடங்க. ஒண்ணைத் தாண்டினா அடுத்தது கேக்கும். சைரன் போடுறேன்."

"சைரன் வேண்டாம். காதைப் பொத்திக்கிட்டு உக்காந்துடுதுங்க. நீங்க பேசுங்க."

"என்ன பேசுறது?"

"எதையாவது பேசுங்க. நிறுத்தாதீங்க." போன் அறுந்தது.

அவர் பேசினார். பிள்ளைகளா, கயிற்றை விடாதீங்க, சத்தம் வர்ற பக்கம் வாங்க என்றார். அதையே பலமுறை சொன்னார். பிறகு வார்த்தை தீர்ந்துபோனது. சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னார். நாளைக்குக் கட்டாயம் சரிசெய்துவிடுவதாக ஊரறிய வாக்குக் கொடுத்தார். மகள் காய்கறியைத் தட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பதைச் சொன்னார். அது தனக்குத் தெரியும் என்றும், அம்மாவிடம் சொல்லவில்லை என்றும் சொன்னார். மாமியாரோடு ஏற்பட்ட மனத்தாங்கலில் தப்பு தன்மேல்தான் என்று ஒப்புக்கொண்டார். முன்வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டினார்.

இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி வந்து மேசையைத் தட்டினார். மைக்செட்காரர் நிமிரவில்லை. பிடுங்கலாமா என்று இயக்குநர் யோசித்த மாதிரி இருந்தது. ஆனால் மைதானத்துக்குள் பெற்றோர்கள் ஓடிவரத் தொடங்கியிருந்தார்கள். கடையிலிருந்தும் ஆலையிலிருந்தும் போட்ட வேலையைப் போட்டபடி வந்தவர்கள். அவர்கள் மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். இயக்குநர் கையை எடுத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் விழா அலுவலர் ஒரு துண்டுச்சீட்டை மேசையில் நகர்த்தினார். எப்படியும் பேசுவதாக இருந்தால் இதையும் சேர்த்துப் பேசலாமே என்று தாழ்மையாகக் கேட்டுக்கொண்டார். இயக்குநரின் வழிகாட்டுதலைப் பற்றிய ஒரு வரி. மைக்செட்காரருக்குக் கடவுளே கொடுத்த மாதிரி இருந்தது. படித்தார். இன்னும் இருக்கிறதா என்று கையை நீட்டினார். விழா அலுவலர் மகிழ்ந்துபோய் வரவேற்புரையைக் கொடுத்தார். படித்தார். ஆண்டறிக்கையைக் கொடுத்தார், படித்தார். நன்றியுரையைக் கொடுத்தார். மேடை அமைத்தவர், தேநீர் வழங்கியவர், நாற்காலி துடைத்தவர் என்று நீண்டுகொண்டே போனது அது. மலைமேல் புகைக்குள், கயிற்றைப் பிடித்த பிள்ளைகள் நாற்காலி துடைத்தவருக்கான நன்றியைப் பின்தொடர்ந்து வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். துறையின் உரைகள் ஓர் உயிருக்கு வழிகாட்டியது அதுதான் முதல்முறை.

அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் மலையிலிருந்து கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. உச்சிக் குழாயின் குரல்தான் கடைசியாக வரும். நன்றியுரையின் நடுவில் அது வரவில்லை. கம்பி எரிந்திருக்க வேண்டும். இன்னும் சில வரிகளில் அதற்கு அடுத்ததும் வரவில்லை. தீ, குழாய்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு இறங்கியது. அவர்கள் எந்தக் குழாய்க்கும் எந்தக் குழாய்க்கும் நடுவில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. குரல் நடுங்கியது. விழா அலுவலர்கூட நன்றியுரை இவ்வளவு உருக்கமாக இதுவரை யாரும் படித்ததில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

தீ சாலையைத் தாண்டப் பார்த்த இடத்தில் வண்டிகள் நின்று பாதித் தண்ணீரையும் கொட்டின. வண்டித் தலைவரின் ஆட்கள் மண்ணை வாரிப் போட்டார்கள். அப்போதைக்குத் தாண்டவிடவில்லை. முதலில் குடியிருப்புக்காரர்கள் வந்தார்கள், சாம்பல் பூசிய முகத்தோடு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு. ஒருவர் கதவின் கைப்பிடியை மட்டும் பிடித்திருந்தார். பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. மைக்செட்காரர் நன்றியுரையை முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

புகைக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம். விசில் மாமா கயிற்றின் முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊதிக்கொண்டே, அழுதுகொண்டே வந்தார். பின்னால் பிள்ளைகள். அவரவர் பிள்ளையை அவரவர் அள்ளினார்கள். கயிறு தரையில் விழுந்தது. மைக்செட்காரர் படித்துக்கொண்டே இருந்தார், கண் புகையிலேயே இருந்தது. கயிற்றின் மறுமுனையில் மனைவி வந்தாள், மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு. ஒரு காலில் செருப்பில்லை. நேராக மேசைக்கு வந்து, அவர் கையிலிருந்து மைக்கை வாங்கி, அணைத்து வைத்தாள்.

"போதும். தண்ணி குடிங்க" என்றாள். "எங்க அம்மா விஷயத்தை வீட்டுல பேசிக்கலாம்."

ஆனால் வீடு இல்லை. சரிவுக் குடியிருப்பில் யாருக்கும் இல்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் கரியாகிவிட்டது. அவர்கள் மைதானத்தில் கூடாரங்களில் தங்கினார்கள்.

துறை விசாரித்தது. கூரிய அறிவுள்ளவர்கள் பலர் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். தகுதியற்ற ஒருவரால் தொடங்கிவைக்கப்பட்டதால் அந்தத் தொடக்கம் செல்லாது என்று முடிவாயிற்று. எனவே தீக்காலம் அன்று தொடங்கவில்லை. தொடங்காத தீக்காலத்தில் தீ இருந்திருக்க முடியாது. நிவாரணம் கேட்டுப் போனவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். மைக்செட்காரர்மேல் நடவடிக்கை எடுக்கவும் முடியவில்லை. நடக்காத ஒன்றை அவர் தொடங்கிவைத்தார் என்று எப்படிச் சொல்வது?

மழை வருவதற்குமுன் விழாவை முறையாக நடத்திவிட வேண்டும் என்று துறை அவசரப்பட்டது. மேடை போட்டார்கள். கூடாரங்களைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திக்கொள்ளச் சொன்னார்கள். ஊரில் வேறு மைக்செட் இல்லாததால் விழா அலுவலர் அவரையே தேடி வந்தார். பழையதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். மைக்செட்காரர் வருவதாக ஒப்புக்கொண்டார். மனைவி அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

விருந்தினர் இந்தத் தடவை நேரத்துக்கு வந்தார். சாலை நன்றாகத் தெரிந்தது, மறைக்க ஒரு மரமும் இல்லை. ரிப்பன் வெட்டினார். இயக்குநர் மைக் முன்னால் வந்து நின்றார். எதிரில் கூடாரங்களின் வாசலில் குடியிருப்புக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பிள்ளைகள்.

"தீக்காலம் இனிதே தொடங்கியது" என்றார் இயக்குநர். "மகிழ்ச்சியான ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீக்காலத்தில் இதுவரை நம் பகுதியில் ஒரு வீடுகூட எரியவில்லை."

கைதட்டலுக்காக நிறுத்தினார். வரவில்லை. முன்வரிசையில்கூட யாருடைய கையும் மேலே வரவில்லை. இயக்குநர் மைக்கை விரலால் தட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பினார்.

"ஏம்ப்பா மைக்செட். கேக்குதா இல்லையா?"

மைக்செட்காரர் ஒலிக் குமிழை, அது போகும் மட்டும் திருகினார்.

"நல்லாக் கேக்குதுங்கய்யா. எல்லாருக்கும் கேக்குது. இன்னொரு தடவை சொல்லுங்க."

இயக்குநர் இன்னொரு தடவை சொன்னார்.